சிரிக்கும் குடும்பத்துக்குப் பின்னால்

படூரில் எங்கள் குடியிருப்புக்கு அருகே அந்த மால் திறந்தபோது, நிறுத்த இடமில்லாமல் வண்டிகள் ஓ.எம்.ஆர். சாலை வரை நின்றன. நான் பராமரிப்புப் பொறியாளராக அங்கே சேர்ந்த பிறகு கடைகள் காலியாகத் தொடங்கின. முதலில் செருப்புக் கடை, பிறகு பொம்மைக் கடை, பிறகு உணவுத் தளம் மொத்தமும். காலியான ஒவ்வொரு கடையின் முகப்பிலும் ‘விரைவில்’ என்று ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். இரண்டாம் தளத்தின் கிழக்கு நடைவழி இருண்டுபோனதும், வழியையே ஒரு பெரிய ஃப்ளெக்ஸால் மூடினார்கள். பைகளோடு சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். அவசரப் படிக்கட்டு அதற்குப் பின்னால் இருந்தது. வழியை மூடக் கூடாது என்று சொன்னேன்.

"இருட்டப் பாத்தா இருக்கற கஸ்டமரும் ஓடிருவாங்கம்மா. படிக்கட்டு எங்க போயிடப் போவுது?" என்றார் மேலாளர்.

கடைசியில் மிஞ்சியவர்கள் நடக்க வந்தவர்கள்தான். சர்க்கரைக்காக மருத்துவர் நடக்கச் சொன்னவர்கள், ஏசி குளிர்ச்சியில் சுற்றிவந்தார்கள். அம்மாவும் அவள் தோழிகளும் இரண்டாம் தளத்தில் நடப்பார்கள். அங்கே இடிக்க ஆளில்லை.

ஒரு மதியம், கீழ்த்தளக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. இரண்டாம் தளம், எஸ்கலேட்டர் அருகே உள்ள மின்பெட்டி. கேமராவில் புகை மட்டுமே தெரிந்தது. அந்தத் தளத்தின் மின்சாரத்தைத் துண்டித்தேன். தீயணைப்பு நிலையத்தை அழைக்கும்படி காவலாளியிடம் சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு எரியுதுடி. எஸ்கலேட்டர் படியாண்ட போவ முடியல."

"கிழக்கால போம்மா. அந்தச் சிரிக்கிற படத்துகிட்ட."

"அது செவுருடி."

"செவுரு இல்ல. கைய வச்சுத் தள்ளு."

பின்னால் ஒரு தோழியின் குரல்: "இவ பொண்ணு செவுத்த இடிக்கச் சொல்றாளாம்." பிறகு எல்லோருக்கும் இருமல்.

"மெத்துன்னு கீது," என்றாள் அம்மா.

"கீழ் ஓரத்தத் தூக்கு. குனிஞ்சு உள்ள போ. நேரா கதவு."

இணைப்பு அறுந்தது.

படிக்கட்டின் கீழ்க்கதவு வாகன நிறுத்தத்தில் இருந்தது. ஓடினேன். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். திறந்தேன், உள்ளே இருட்டு, சத்தமே இல்லை. என்னென்ன தவறலாம் என்று மனம் தானாக வரிசைப்படுத்தியது. அவள் மூச்சு. அவள் முழங்கால். மேல்கதவின் துரு.

பிறகு செருப்புச் சத்தம். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அம்மா வரவில்லை.

"பின்னாடி கீறா. நாங்க நுழையறதுக்கு அந்தப் படத்தத் தூக்கிப் புட்சிகினு இருந்தா," என்றாள் தோழி.

ஏறினேன். முதல் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றியபடி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பூட்டாங்களா?"

"ம்."

"அப்ப மெதுவா போலாம். முட்டி நோவுது."

மேலே திறந்துகிடந்த கதவு வழியாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்து அவசரப்பட்டுவிடாதபடி, வெயிலுக்கு வந்து சேரும்வரை, அவளுக்கு ஒரு படி பின்னாலேயே நடந்தேன்.