மஸ்கட்டில் கரண்ட் போகாது

அந்த வருடம் எனக்குத் தூக்கமும் விழிப்பும் ஒரே நிறத்தில் இருந்தன. பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் பூசும் வேலையில் இருந்தேன். காலையில் போய் உட்கார்ந்தால் எதிரே வெள்ளை வெள்ளையாகப் பொம்மைகள் காத்திருக்கும். கண் எழுதுவேன், உதடு எழுதுவேன், அடுத்ததை எடுப்பேன். எழுந்திருக்கும்போது பகல் எந்த வழியாகப் போனது என்று தெரியாது. செத்துப்போனால் தேவலாம் என்ற நினைப்பு மட்டும், கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். என்ன குறை என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. காதல் தோல்வி இல்லை, கல்யாணத் தகராறு இல்லை. சொல்லும்படியாக ஒரு காரணம் இருந்திருந்தால் அம்மாவிடமே சொல்லியிருப்பேன்.

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரே, ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போவேன். தமிழர்கள் கூடும் ஒரு சாட் ரூமில் உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் நிஜப் பெயர் கிடையாது, ஊரை மட்டும் சொல்லிக்கொள்வோம். ரசம் வைப்பது எப்படி என்பதில் தொடங்கி ஊர் வம்பு வரை ஓடும். ஒருநாள் அந்தப் பேச்சுக்கு நடுவே, எனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று டைப் அடித்துவிட்டேன்.

உடனே அறிவுரை கொட்டியது. இலவசம்தானே. ஒருவர் யோகா செய்யச் சொன்னார். ஒருவர் என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். மஸ்கட்டில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் தனியாக வந்து கேட்டார். "தங்கச்சி, ஜங்ஷன் பக்கத்துலயா இருக்கீங்க? இப்ப என்னா வண்டி நிக்குது?"

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. சொன்னேன். "அப்பால?" என்றார். கூட்ஸுக்கு அப்பால் வானம் பழுத்துக்கிடந்தது, ஒரு பொம்பளை கொய்யாக்கூடையோடு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அதையும் சொன்னேன். பல மாதங்கள் கழித்து எதையோ உண்மையாகவே பார்த்தது போல இருந்தது.

அவருக்கு எங்கள் ஊரை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி பக்கம். போன மாதிரியே வந்தும் விடலாம் என்று போனவர், வர முடியாமல் வருடங்கள் ஆகிவிட்டன. தினமும் வண்டியைக் கேட்பார், நான் பார்த்துச் சொல்வேன். அவர் அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு பயணம் போவதாக நான் கற்பனை செய்துகொள்வேன். ஏன் மற்றவர்கள் மாதிரி புத்தி சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். எனக்கும் அந்த நெனப்பு வருதும்மா" என்று பதில் வந்தது. நான் சன்னலுக்குப் போய் அடுத்த வண்டியைப் பார்த்துவந்து சொன்னேன்.

அப்போது ஊருக்கு ஊர் முறை வைத்து கரண்டை நிறுத்திய காலம். அதனால் எங்கள் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. பாதிப் பேச்சில் யாராவது காணாமல் போனால் யாரும் பதற மாட்டார்கள், "கரண்ட் போயிருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். என் பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் என் ஊரில் எப்போது இருட்டும் என்று தெரியும். நான் திரும்பி வந்தால், "விருத்தாசலத்துக்கு வெளிச்சம் வந்துடுச்சு" என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் மஸ்கட்காரர், "இன்னிக்கு வண்டி வேணாம் தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்" என்று எழுதினார். சொல்லுங்கண்ணே என்றேன். திரையில் அவர் பெயர் அணைந்துவிட்டது. கரண்ட் போயிருக்கும் என்று நானும் எழுந்து வீட்டுக்குப் போனேன். மறுநாளும் வரவில்லை. "கரண்ட்தான், வந்துடுவாரு" என்று ரூமில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். நாட்கள் போயின. பிறகு குவைத்தில் இருந்த ஒருவர் எழுதினார். "என்னங்க எல்லாரும்? மஸ்கட்ல ஏதுங்க கரண்ட் கட்டு?"

அதை வாசித்தபின்தான் எனக்குப் புரிந்தது. எங்களுக்குப் பழகிப்போன இருட்டைக் கடல் தாண்டி இருந்தவருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம்.

மறுநாள் வேலையில் என்னால் ஒரு கண்கூட எழுத முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"யாரு என்னா சொன்னாங்க?"

"ஒருத்தரு செத்துட்டாரோன்னு பயமா இருக்குதுக்கா."

"யாரு? சொந்தமா?"

"இல்லக்கா. பேருகூடத் தெரியாது."

"பேரு தெரியாதவருக்காடி இப்பிடி அழுவுற?"

அவருக்காக மட்டும் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "எனக்கும் சாவணும் போலத்தான் இருக்குதுக்கா. ரொம்ப நாளா" என்றேன். சாட் ரூமில் எத்தனையோ தடவை அடித்ததுதான். ஆனால் வாயால் சொன்னபோது அது என் குரலில் கேட்டது.

அக்கா திட்டவில்லை, தேற்றவும் இல்லை. என் கையில் ஒட்டியிருந்த சாயத்தைத் துணியால் துடைத்தார். "வூட்ல தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "எந்திரி, வா" என்றார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தபடி வீடு வரை வந்தார். அம்மா, "வேளாவேளைக்குச் சோறு திங்கிறாளே, நல்லாத்தான இருக்கறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரிடம் போனோம். மாத்திரையும் பேச்சுமாக நாட்கள் நகர்ந்தன. திடீரென்று எதுவும் விடிந்துவிடவில்லை. ஒருநாள் மோர்க்குழம்பு ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

தெம்பு வந்ததும் மறுபடி மாடி ஏறினேன். "அண்ணே, நான் இருக்கேன். நீங்க?" என்று எழுதினேன். பதில் இல்லை. அவர் சொல்ல வந்தது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த ரூமே மூடப்பட்டுவிட்டது. குவைத்காரர் எங்கே போனார் என்பதும் தெரியாது.

மஸ்கட்காரர் ஞாபகம் இன்றும் வரும். அவருக்காகப் பயந்ததில்தான் நான் வாய் திறந்தேன் என்று அவரிடம் சொல்ல வழியில்லை. என் மனசுக்கு நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஊர் திரும்பி, தலை நரைத்து, எங்கோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கட்டும். "விருத்தாசலத்துல ஒரு பொண்ணு இருந்துச்சுப்பா. பாவம், என்னா ஆச்சோ தெரியல."