செல்வியிடம் வாங்கிய சம்மதம்

நான் ஒரு பெண்ணை ஏமாற்றினேன். அதுவும் அவளிடமே சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்றினேன்!

கன்னட எழுத்தைப் படமெடுத்தால் தமிழில் வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை நான் நடத்திவருகிறேன். பெங்களூரிலேயே பிறந்தும் கன்னடம் படிக்கத் தெரியாத தமிழர்களுக்காக ஆரம்பித்தது. செல்வி பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள். ஜோகுபாளையத்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து தானாகவே நிரல் எழுதக் கற்றவள். கையெழுத்தை வாசிக்கும் பகுதி முழுக்க அவள் எழுதியது.

முதன்முதலில் அதைத் தரும்போதே கேட்டாள். "அண்ணா, யாராவது இத எடுத்து மாத்துனா, மாத்துனத எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கணும், இல்ல? அப்படின்னாதான் தருவேன்."

மென்பொருளை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எங்கள் உரிமத்தில், அதாவது லைசென்ஸில், அப்படித்தான் இருந்தது. பெருமையாகத் தலையாட்டினேன்.

பிறகு நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கே அது தேவைப்பட்டது. திருப்பித் தரும் நிபந்தனைதான் அவர்களுக்கு இடித்தது. அதை நீக்க, நிரல் எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும். எழுதியவர்கள் இரண்டே பேர்... நானும் அவளும்! மாற்றிக் கொடுத்தால் புதிய டீமுக்கு நானே தலைவன் என்றார் மேனேஜர். எனக்கு வாயெல்லாம் பல்.

அவளிடம் விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் விளக்கினால் மறுத்துவிடுவாளே... அதனால் ஷிப்டில் இருக்கும் நேரம் பார்த்து போன் செய்தேன். "லைசென்ஸ்ல சின்ன மாத்தம் செல்வி. சும்மா ஃபார்மாலிட்டி. சம்மதம்னு ஒரு வரி போட்டுடு."

பின்னால் இயந்திரச் சத்தம். "நீங்க பாத்தீங்கல்ல அண்ணா? அப்ப சரி. பிரேக்ல போட்டுடறேன்."

போட்டுவிட்டாள்.

கம்பெனி அவள் பகுதியை மெருகேற்றியது. இப்போது எந்தக் கிறுக்கலையும் பிசகாமல் வாசிக்கிறது... அவர்கள் பூட்டி வைத்திருக்கும் செயலியில்! சட்டப்படி தவறில்லை என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். மனம் கேட்கவில்லை.

போன வாரம் அவளே அழைத்தாள். "ரேஷன் கடை போர்டுல சாக்பீஸ்ல எழுதறத நம்மது இன்னும் தப்பாத்தான் படிக்குது அண்ணா. ஸ்டாக் இல்லாத நாள்ல அம்மா ரெண்டு வாட்டி வரிசைல நின்னுட்டு வந்தாங்க. உங்க கம்பெனில சரி பண்ணிட்டாங்களாமே... எப்ப திருப்பித் தருவாங்க?"

தர மாட்டார்கள். தர வேண்டியதில்லை என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

"வரும் செல்வி" என்றேன்.

"அவசரமில்ல அண்ணா. அதுவரைக்கும் நான் போர்டு போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பறேன். அவங்களுக்கும் உதவுமே."

தினமும் அனுப்புகிறாள். இன்று காலை பதினொரு படங்கள் வந்திருக்கின்றன.