எனக்காகக் காய்ச்சி வைத்த பால்

இங்கே வயதானவர் ஒருவரை முதன்முதலில் பார்க்கும்போது நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?" என்பது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், காற்று ஓயாத ஒரு சிற்றூரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். முழங்கால்வரை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர், "வால்டர் என்று கூப்பிடு" என்றார். அப்பா வயதுள்ளவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்து வாய் அது. "வால்டர் சார்" என்றேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ராணி எனக்கு அந்தப் பட்டத்தை இன்னும் தரவில்லையே" என்றார். இங்கே பேரோடு சார் சேர்ந்தால் அது அரண்மனை கொடுக்கும் பட்டமாம். நான் கொடுத்தது மரியாதை. அவருக்குப் போய்ச் சேர்ந்தது கிண்டல்.

பேருக்குப் பிறகு வரும் கேள்விகள்தான் என்னை உலுக்கின. அசெஸ்மென்ட் என்கிறார்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும்? பல் செட் கடிக்கிறதா? எதற்குப் பயப்படுகிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை கப் தண்ணீர் குடிக்கிறீர்கள்? எல்லாமே அவரிடம், அவர் முகத்தைப் பார்த்து, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மகனைப் பார்த்துக் கேட்கக் கூடாது. அதிலே ஒரு கேள்வி: உங்கள் படுக்கையிலிருந்து கழிவறை எவ்வளவு தூரம்? வந்த புதிதில் அதைப் படித்தால் சிரிப்பு வரும். இப்போது அந்தக் கேள்விக்கு வரும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஏன் என்று ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் பல வருஷம் அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி ஜன்னல் கம்பியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தத் தூசியைப் போலவே வயதானவர்களும் வந்து படிவார்கள், பெஞ்சின் ஓரத்தில், சத்தமில்லாமல். டாக்டர் மகனிடம் கேட்பார், "பெருசுக்கு என்னப்பா?" மகன் சொல்வான், "சாப்புடறதில்லைங்க சார், பொலம்புது." பெருசு இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, தன்னைப் பற்றிய பேச்சு தலைக்கு மேல் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு அம்மாளிடம் நானே குனிந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள், "என்னைய ஏன் தாயி கேக்குற? அதான் எம்மவன் நிக்கிறான்ல." உடம்பு அவளுடையது. வலி அவளுடையது. அதைச் சொல்லும் உரிமையை மட்டும் சொத்தைப் போல மகன் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

போன வருஷம் கத்திரி வெயிலில் தம்பி ரவி போன் செய்தான். "அம்மா ஒரு மாதிரியா இருக்குக்கா. ஆளு தெரியல. என்னென்னமோ பேசுது. வந்து பாத்துட்டுப் போயிரு." பாத்துட்டுப் போயிரு என்றால் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சென்னையில் பஸ் ஏறி, பெரம்பலூர் தாண்டி, சிறுவாச்சூருக்கு முன்னால் இறங்கினால் என் ஊரே எனக்குப் பிடிபடவில்லை. நாலு வழிச் சாலைக்காக இரண்டு பக்கமும் வழித்துப் போட்டிருந்தார்கள். கருவேல முள் இருந்த இடமெல்லாம் செம்மண் மேடு. மழித்த தலை மாதிரி வெட்டவெளி.

வீட்டு வாசலில் சாமியானாக் கம்புகள் கிடந்தன. இன்னும் நடவில்லை, அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தபந்தம். பெட்டியை இறக்கி வைக்கும் முன்னால், அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, கையில் ஒரு தம்ளரோடு வந்தாள்.

"வந்துட்டியா தாயி. ஒனக்காகத்தான் உசிரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்குறா. காலக் கழுவிட்டு வா. ஒரு வாய் பால ஊத்து. நிம்மதியாப் போய்ச் சேரட்டும்."

வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக இதை விளக்கிச் சொல்கிறேன். போகிற உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால், அது எதன் மேலோ ஆசை வைத்து நிற்கிறது என்பது ஊர்க் கணக்கு. மண்ணாசை என்றால் மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். பொன்னாசை என்றால் பொன்னை உரசி விடுவார்கள். பிள்ளை ஆசை என்றால் அந்தப் பிள்ளை வந்து பால் ஊற்ற வேண்டும். காலையிலேயே மண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்களாம். "அவளுக்கு ஏதுடி மண்ணு, ஊரான் மண்ணுல களையெடுத்தவதான்" என்று யாரோ சொல்ல, அத்தை காதுத்தோட்டைக் கழற்றி உரசி ஊற்றினாளாம். அதற்கும் போகவில்லை. "அப்பறந்தான் மகளாசைன்னு முடிவு பண்ணுனோம்" என்றாள். டாக்டர்கள் கூடிப் பேசி நோயைக் கண்டுபிடித்தது போல அவ்வளவு தெளிவாகச் சொன்னாள்.

அம்மா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றித் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. நாக்கு வெயிலில் கிடந்த புளியம்பழ ஓடு. உடம்பு சுட்டது. நாடி ஓடிக்கொண்டிருந்தது, அது சாகிற நாடி இல்லை, தப்பிக்கப் பார்க்கிற நாடி. சேலையில் கொஞ்சமாக ஈரம், அதிலே குப்பென்று ஒரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். இங்கே இல்லத்தில் எந்தப் பெரியவராவது திடீரென்று பேர் மறந்து, சுவரோடு பேசத் தொடங்கினால், முதலில் சிறுநீரைத்தான் பரிசோதனைக்கு அனுப்புவோம். தண்ணீர் வற்றி, சிறுநீரில் கிருமி ஏறினால் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். இது மர்மம் இல்லை. மாயமும் இல்லை.

"அம்மா" என்றேன். அசையவில்லை. "அஞ்சலை" என்று கூப்பிட்டேன், பிறந்ததிலிருந்து நான் ஒருநாளும் சொல்லாத பேரை. இமை பிரிந்தது. உதடு எதையோ தேடியது.

"பாத்தியா, மகளத் தேடுறா. ஊத்து ஊத்து" என்றாள் அத்தை, தம்ளரை என் கையில் திணித்து.

பாதி நினைவில் இருப்பவர் வாயில் பாலை விட்டால் அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். அவர்கள் ஊற்றிய மண்ணும் பொன்னும் எங்கே போயிற்றோ. தம்ளரைப் பார்த்தேன். ஏடு படிந்திருந்தது. நான் வரட்டும் என்று காய்ச்சி, ஆறவைத்து, மூடி வைத்த பால். என் அம்மாவை என் கையாலேயே முடிக்கச் சொல்லும் பால். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து அதை நானே குடித்தேன்.

"அடிப்பாவி" என்றாள் அத்தை.

"பசிச்சுது அத்த" என்றேன். "ரவி, வண்டிய எடு. பெரம்பலூர் போறோம்."

தம்பி கெட்டவன் இல்லை. பருத்தி வாங்கி விற்கிறவன், அம்மாவுக்கு ஒருநாளும் சோறு குறை வைக்காதவன். ஆனால் அவன் கண் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களையே சுற்றியது. "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சுக்கா. வழியில ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றது? இந்த வயசுல ஊசி கீசின்னு குத்தி ஏன் சித்ரவத பண்ணணும்?" அத்தை அதற்குள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "கட்டிக் குடுத்த பொண்ணு, வந்தமா அழுதமான்னு இருக்கணும். நாட்டாம பண்ணுறா பாரு." தம்பி பெண்டாட்டி செல்விதான் அம்மாவின் தலைமாட்டுத் தலையணையை எடுத்து வண்டியில் வைத்தாள். ரவி சாவியை எடுத்தான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலும் அதே நாடகம். டாக்டர் அம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, ரவியிடம் கேட்டார், "வயசு என்ன?" "எழுவது இருக்குங்க சார்." "அப்பறம் என்னப்பா, வயசாயிடுச்சுல்ல. வூட்டுல வச்சுப் பாத்துக்கங்க." வயசாயிடுச்சு. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் எத்தனை உயிரை அனுப்பி வைத்திருக்கிறோம். காது அடைத்தால் வயசு, கண் மறைத்தால் வயசு, இடுப்பு ஒடிந்தால் வயசு. "டாக்டர், வயசு வியாதி இல்ல. பத்து நாளைக்கு முன்னாடி வரைக்கும் ஆடு ஓட்டிக்கிட்டிருந்தவங்க. திடீர்னு மாறியிருக்காங்க. டிரிப்ஸ் போடுங்க, யூரின் டெஸ்ட் பாருங்க" என்றேன். நிமிர்ந்தார். "சிஸ்டரா? எங்க வேல பாக்குறீங்க?" "இங்கிலாந்துல." "ஒக்காருங்க சிஸ்டர்" என்று நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. என் அம்மாவுக்கு ஊசி கிடைத்தது அவள் மனுஷி என்பதற்காக இல்லை. ஒரு வெள்ளைக்காரத் தேசத்தின் பேருக்காக. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக் காய்த்த கைகளோடு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மாளுக்கு இங்கிலாந்தில் யார் இருக்கிறார்கள்? நான் பிழைக்க வந்த இந்தத் தேசத்தின் மேலும் எனக்குக் கோபம்தான். நம் ஊர்த் துணியில் கட்டுப்போட்டு, நம் ஊர் நோயாளிகளின் நரம்பில் ஊசி குத்திப் பழகிய கைகளை வாங்கி, தன் பெரியவர்களுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித் தருகிறது. கேள்வி அருமையான கேள்வி. கேட்கிற வாயைத்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்துக்கொள்கிறது. அந்த வாயில் ஒன்று என்னுடையது.

டிரிப்ஸும் மருந்தும் ஏற ஏற அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். தெளிந்து என்னை அடையாளம் கண்டதும் அவள் பேசிய முதல் பேச்சு, "என்னடி இம்புட்டுக் கருத்துட்ட? அந்த ஊருல வெயிலே இல்லைன்னியே." செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரவி வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான். முகத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

வால்டரிடம் கேட்பது போல, கட்டிலருகே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அவளிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிம்மா குடிப்ப?"

"குடிச்சாப் போவணும்ல" என்றாள்.

"போனா என்ன?"

"எங்கடி போறது? ரோட்டுக்காரன் முள்ளையெல்லாம் வழிச்சிட்டான். ஒக்காந்தா லாரி வெளக்கு மூஞ்சியில அடிக்குது. எந்திரிச்சு நின்னு, அவன் போனதும் மறுபடி ஒக்காரணும். எம் முட்டி கேக்குமா? ஏரிக்கரைக்கு நடக்க முடியல. அதான் தண்ணிய நிறுத்திட்டேன். குடிக்காட்டி ஒரு தொந்தரவும் இல்ல பாரு."

"வூட்டுலதான் கட்டியிருக்கே."

"அதுல பருத்தி இருக்கு."

இப்படி எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள், அதில் அரிசி இருக்கிறது என்பது போல. வீட்டுக்குப் பின்னால், அவளுக்கென்றே ஓடு பதித்துக் கட்டிய கக்கூஸ். மழை படாது, எலி போகாது, பூட்டும் உண்டு. ஊரில் அதைவிட நல்ல அறை எது? ரவியும் பூட்டினான். அம்மாவும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. மகன் யாவாரம் பெரிதா, தன் அவசரம் பெரிதா? நூறு பேருக்குச் சாமியானா போட இடம் இருந்த வீட்டில் ஒரு கிழவி குத்தவைக்க இடம் இல்லாமல், வெளியே போவதற்கு அஞ்சி உள்ளே போவதை நிறுத்தினாள். சாவு வந்தது என்று ஊர் கூடியது. வந்தது தாகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பூட்டைத் திறந்து மூட்டைகளை வாசலுக்கு இழுத்தேன். "பருத்தி நனைஞ்சிரும்க்கா" என்றான் ரவி. "அம்மா காஞ்சு போச்சுடா" என்றேன். அவன் குனிந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான். சாவுக்கு வந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்து, கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உட்காரும் இடத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக் கக்கூஸ் பீங்கான் மேல் வைத்தோம். அத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, "சீமைக்குப் போயிப் படிச்சது நாக்காலிக்கு ஓட்ட போடவா?" என்றாள். அடுத்த நாள் யாரும் இல்லாத நேரத்தில் அத்தையே உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்ததாகச் செல்வி சொன்னாள். அம்மாதான் லேசில் வழிக்கு வரவில்லை. "மவன் இருக்குற வூட்டுக்குள்ள எப்படிடி? சத்தம் கேக்காது?" நான் இருந்தவரை போனாள். எனக்காகப் போனாள்.

இப்போது அங்கே பருத்தி எடுக்கும் காலம். மூட்டைகள் வாசலில்தான் இருக்கின்றன என்று ரவி சத்தியம் செய்கிறான். நம்புகிறேன். நம்பாமலும் இருக்கிறேன். எனக்கு விடுமுறை உள்ள நாட்களில், இங்கே மதியம் ஆகும்போது, அங்கே பொழுது சாயும்போது, அம்மா தண்ணீரை நிறுத்திவிடும் நேரம் பார்த்து, போன் செய்கிறேன். செல்வி செல்போனை அவள் காதில் வைப்பாள்.

"சொம்ப எடு. இப்ப குடி. நான் கேக்கணும்."

மடக் மடக் என்று வருகிறது.

"நாக்கால சத்தம் போடாதம்மா. எனக்குத் தெரியும்."

"போலீசுக்காரி மாதிரி இருக்காளே இவ" என்று செல்வியிடம் புலம்புகிறாள். "சரி, தனியா எப்படிடி குடிக்கிறது? நீயும் குடி."

குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக்கொள்கிறேன். இந்த ஊர்த் தண்ணீர் பல் கூசும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே சாம்பல் கடலைப் பார்த்தபடி குடிக்கிறேன். அங்கே அவளும் குடிக்கிறாள். காதுக்குள் ஒரு விழுங்கல் கேட்கிறது. அது அவள் தொண்டையா என் தொண்டையா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் குடிப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். குடித்துக்கொண்டே இருக்கிறேன்.