சுருக்கம் விழுந்த பச்சைப் பெட்டி

என் அலமாரியின் மேல் ஒரு பழைய ஸ்டெபிலைசர் பெட்டி இருக்கிறது. வேலை செய்வதை விட்டு வெகுகாலமாயிற்று. அதன் பச்சை வர்ணம் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கங்கள், குளத்து நீரைக் காற்று தடவிப் போன மாதிரி. விரலை வைத்தால் போதும், புனே பக்கத்துக் கசார்வாடியின் மத்தியான வெயில் ஏறி வரும், கூடவே மதினியின் குரலும்: “ஏட்டி, தொடாத. காயட்டும்.”

மதினி என் கணவரின் அக்கா. எண்பதுகளில் அங்கே ஒரு சின்ன பெயின்ட் பட்டறையில் கெமிஸ்டாக இருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அங்கேயே டப்பா நிரப்பும் வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். நான் எதற்கும் பயப்படுகிறவள். மூடி இறுகியதா, வர்ணம் காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த வருஷம் ஆளிவிதை எண்ணெய் சரியாகக் கிடைக்கவில்லை. மண்டியில் பழுத்து வெடித்துப்போய் யாரும் வாங்காத பாகற்காய்களை மதினி கூடை கூடையாக வரவழைத்தார். விதையைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் எடுத்தார். காற்றுப் பட்டால் ஆளிவிதை எண்ணெயை விடச் சீக்கிரம் தோல் கட்டுமாம்.

“கரேலா கா பெயின்ட்?” என்று பாகற்காயைக் காட்டிச் சிரித்தார் முதலாளி சேட்டு. இது தேறாவிட்டால் மதினியின் சோதனை மேஜையை எடுத்துவிட்டு அங்கே டப்பா அடுக்கப்போவதாகவும் சொன்னார். மேஜை போனால் மதினியின் வேலையும் போகும்.

பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கழித்த தகரம் ஒன்றில் பூசி வெயிலில் வைத்தோம். மேல்தோல் சட்டென்று காய்ந்தது, அடியில் ஈரம். ஒன்றை ஒன்று இழுத்துப் பூச்சு முழுக்கச் சுருங்கிவிட்டது.

“மேரி சாஸ் லக்தி ஹை,” என்றார் சேட்டு. அவருடைய மாமியார் முகம் மாதிரி இருக்கிறதாம்.

மதினி சிரிக்கவில்லை. தகரத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். “வெல்டிங் தழும்ப எங்கட்டி காணோம்?” என்றார். சுருக்கத்துக்குள் அது மறைந்து போயிருந்தது. தகரத்தோடு நேரே பக்கத்துப் பட்டறைக்கு நடந்தார். ஸ்டெபிலைசர் பெட்டிகளின் தழும்பைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். பார்த்ததும் அந்தப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கினார்கள். மேஜை அசையவில்லை.

விதைதான் கட்டுப்படியாகவில்லை. அத்தனை கூடைப் பழத்துக்கும் கொஞ்சம்தான் எண்ணெய். முதல் சில பெட்டிகளுக்குப் பிறகு, அதே மாதிரி சுருங்கும் வேறு எண்ணெயை வெளியே வாங்கினார்கள்.

பாகல் எண்ணெய் பூசிய அந்த முதல் பெட்டிகளில் ஒன்றுதான் இது. மதினி இப்போது இல்லை. தூசி துடைக்கும்போது என் விரல் தானாக அந்த மூலைக்குப் போகும். அங்கே மட்டும் சுருக்கமில்லை. வழவழவென்று என் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம். அன்றைக்கும் காயும்வரை பொறுக்காமல் தொட்டுவிட்டேன்.

“இத எவன் வாங்குவான்? நீயே வச்சுக்கோட்டி,” என்று சிரித்தார் மதினி.

இன்றைக்கும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.