ஒரே முகம் கொண்ட வைத்தியக்காரி

டிவித் திரையின் கீழே, இடது மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் தோன்றும். விளையாட்டுக்குள் யார் பேசுகிறார்களோ அவர்களுடைய முகம் அதற்குள் வந்து நிற்கும். பக்கத்தில் எழுத்துகள் ஓடும். அவை ஜப்பானிய எழுத்துகள் என்பதால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வரிகூடப் புரியாது. முகம் மட்டும் புரியும். என் நாத்தனார் சிமெண்டுத் தரையில் பாயை விரித்து, மூன்றரை வயதான என் மகளை மடியில் உட்கார்த்திக்கொண்டு, அந்த முகங்களைப் பார்த்தே கதை சொல்லுவாள். நான் தோட்ட அலுவலகத்தில் தட்டச்சு வேலை முடித்து வீட்டுக்குள் நுழையும் மாலை நேரத்தில் என் கண்ணில் முதலில் படுவது அவர்கள் இருவரின் முதுகும், அவர்களைத் தாண்டி ஒளிரும் அந்தச் சதுரமும்தான்.

மலேசியாவில், லாபுவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப்பனை நட்டு முடித்திருந்தார்கள். பாதிக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போய்விட்டதால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் மூடிவிட்டார்கள். மாமியார் களை பிடுங்க, உரம் போட என்று வெளிக்காட்டு வேலைக்குப் போனார். கணவர் லாரி ஓட்டினார். வீட்டில் இருந்தவள் நாத்தனார் மட்டும்தான். ஆகவே என் பிள்ளை அவளிடம் வளர்ந்தாள். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அல்ல. அப்படித்தான் அமைந்தது.

அவள் அதற்கு முன் செனவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்தாள். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டிலேயே சத்தமாகச் சிரிப்பவள் அவள்தான். ஒரு காலையில் பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வாயில் நிற்காமல் இடது பக்கமாக ஒழுகியது. மத்தியானத்துக்குள் இடது கன்னம் முழுவதும் இறங்கிவிட்டது. மருந்து, ஊசி, எண்ணெய் தடவுதல் எல்லாம் பார்த்தோம். கண்ணை மூட முடிந்தது. வாய் மட்டும் திரும்பவில்லை. சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே ஏறும். ஒரு கல்யாண வீட்டில் அவள் சிரித்ததைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி, "என்னாடி, எங்களப் பாத்தா நக்கலா இருக்கா ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். அழுகையோ கோபமோ வியப்போ எதுவும் அதில் வராது. கழுவி வைத்த தட்டு போல இருக்கும்.

எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் யார் முகத்தில் முழிக்கிறோம் என்பது பெரிய விஷயம். மாமனார் இருந்தவரை விளக்கேற்றிச் சாமி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேறு முகத்தைப் பார்ப்பாராம். மாமியார் தன் மகளிடமே, "நான் வேலைக்குப் போற வரைக்கும் நீ குசினியிலேயே இரு" என்று சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அது பொறுக்காது. "மாமி, பெத்த புள்ளய இப்படிச் சொல்லலாமா" என்று ஒருமுறை கேட்டேன். "நீ படிச்சவ. ஒனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள் என்ற பெருமை எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் மேலானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த விளையாட்டுப் பெட்டி, ஃபேக்டரியில் கூட வேலை செய்த தோழி ஒருத்தி கல்யாணமாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கூடவே அதில் போட்டு ஆட ஒரே ஒரு விளையாட்டுத் தட்டு. மாயமும் வாளும் பறக்கும் மிருகமும் உள்ள ஒரு ராஜ்ஜியத்தின் கதை. நாமே அந்தக் கதைக்குள் ஆளாக நடந்து போக வேண்டும். அவளுக்குத் தமிழும் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயும்தான் தெரியும். என்றாலும் கதை அவளிடம் தடங்கலில்லாமல் ஓடும்.

"இவன் பாரு பாப்பா, இவன்தான் ராசா. நம்ம தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி மாதிரியே எப்பப் பாத்தாலும் மொறைச்சிக்கிட்டே இருப்பான்லா. ஆனா இப்ப பாரு, புருவம் எறங்கிப்போச்சி. மகன நெனச்சிட்டான்."

ஒவ்வொருவருக்கும் நான்கைந்து முகம் வரைந்திருந்தார்கள். சாதாரணம், கோபம், சிரிப்பு, துக்கம், திகைப்பு. முகம் மாறும்போதெல்லாம் என் மகளும் தன் முகத்தை அப்படியே மாற்றிப் பார்ப்பாள். பச்சை முக்காடு போட்ட வைத்தியக்காரி ஒருத்தி கூட்டத்தோடு வருவாள். அவளுக்கு மட்டும் ஒரே முகம். அவள் ஊர் எரியும்போதும் அதே முகம், காயம்பட்டவன் பிழைத்து எழும்போதும் அதே முகம். "இவளுக்கு வரைய மை தீந்துபோச்சி போல" என்று நாத்தனார் கேலி செய்வாள். ஆனால் அவள் பேச வரும்போதுதான் கதை நீளும். அந்த அசையாத முகத்துக்குப் பின்னால் என்னென்னவோ நடப்பதாகச் சொல்லுவாள். பிள்ளை எப்படி நம்புவாள் என்று நினைப்பேன். பிள்ளை நம்பினாள்.

சண்டை வரும் இடங்களிலும் முக்கியமான கட்டங்களிலும் சதுரம் மறைந்து, ஆட்கள் முழு உருவமாக நிற்பார்கள். அந்த உருவங்களுக்கு வாயே கிடையாது. மூக்குகூட இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு. ஒருநாள் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள், "அத்தை, இவங்க அழுவுறாங்களா சிரிக்கிறாங்களா?"

"மூஞ்சியப் பாக்காத. தோளப் பாரு. கையப் பாரு. பெருவிரலு உள்ள மடங்கிருக்கு பாத்தியா?"

எனக்கு அப்போது அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

என் கவலை வேறாக இருந்தது. அலுவலகத்துக்கு வரும் பழைய மாத இதழ் ஒன்றில், குழந்தைகள் தங்களை வளர்ப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கவும் உணரவும் கற்கிறார்கள் என்று ஒரு கட்டுரை படித்தேன். முகம் காட்டாதவரிடம் வளரும் பிள்ளை ஒடுங்கிப்போகும் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதன்பின் என் மகளை அளக்கத் தொடங்கினேன். அடுத்த வீட்டுப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிறது. இவள் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விருந்தாளி வந்தால் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் கையைப் பார்க்கிறாள். கணவரிடம் சொன்னேன். "எல்லாம் சரியாயிடும், சும்மா இரு" என்றார். சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

நான்காவது பிறந்த நாளுக்குச் சிரம்பானில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தோம். அடுத்த வாரம் படத்தை வாங்க நான் மட்டும் போனேன். லோபாக் கடைத்தெருவில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். சிவப்புப் பட்டுப்பாவாடையில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டின் வலது பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது. இடது கன்னம் அப்படியே கிடந்தது.

முதலில் நோய் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்து, கன்னத்தை உப்பச் சொன்னேன், உப்பினாள். விசில் அடிக்கச் சொன்னேன், எச்சில் தெறிக்க ஊதினாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் கற்றுக்கொண்டிருக்கிறாள். இந்தச் சிரிப்பை இவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குள்ளேயே கேட்டேன். பதில் தெரிந்த கேள்வியாகத்தான் அது அப்போது இருந்தது. மருத்துவரிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம்தான் கட்டுரை இருந்ததே.

லாபு பட்டணத்தில் ஒரு வாத்தியார் மனைவி நாலைந்து பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டார். போய்ப் பேசி முடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிந்த பிறகு நாத்தனாரிடம் சொன்னேன். அவள் பாயில் இருந்தாள். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை மடியில்.

"நாளையிலிருந்து பாப்பா டீச்சரம்மா வீட்டுக்குப் போகட்டும்மா. நாலு புள்ளைங்களோட பழகணும்ல. ஒனக்கும் ரெஸ்டா இருக்கும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணி. நல்லதுதானே."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வருத்தப்படவில்லை என்று நினைத்தேன். அவள் பெட்டியை அணைத்துவிட்டுக் கையிலிருந்த பட்டன் பலகையின் கம்பியைச் சுற்றி வைக்கத் தொடங்கினாள். சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அப்போது என் மகள் மடியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அத்தை அழுவுறாங்க."

குனிந்து பார்த்தேன். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "இல்லடா. அத்தை நல்லாதானே இருக்காங்க."

"அழுவுறாங்கம்மா. பாருங்க."

"அம்மாகிட்ட எதுத்துப் பேசக் கூடாது" என்று அதட்டி, குளிக்க வைக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நாத்தனார் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா வீட்டில் பிள்ளை முதல் வாரம் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். பாட்டு, கைதட்டல், படம் வரைதல் என்று வீட்டுக்கு வந்து செய்து காட்டினாள். இரண்டு மாதத்தில் இரண்டு பக்கமும் விரியச் சிரித்தாள். நான் நிம்மதியடைந்தேன். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். நாத்தனார் மறுபடி செனவாங்குக்கு வேலைக்குப் போனாள். இந்த முறை தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்யும் இடம். "அங்க யாருக்குமே மூஞ்சி கெடையாது அண்ணி. எனக்கு ஏத்த எடம்லா" என்றாள். அதை ஜோக்காகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்து வைத்தேன். கொஞ்ச நாளில் ஹோஸ்டலிலேயே தங்கிவிட்டாள். பெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்து, பேறுகால விடுப்பில் நான் வீட்டில் இருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. மடியில் கிடந்த மகன் என் முகத்தைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தான். நான் சிரித்ததால் சிரித்தான். என் சிரிப்பு அவன் வாயில் இருந்தது. சட்டென்று அந்தப் பழைய கேள்வி திரும்பி வந்தது. மகள் அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாள்? கல்யாண வீட்டுக்குப் பிறகு நாத்தனார் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமியார் பார்த்ததில்லை. கூடப் பிறந்த அண்ணனும் பார்த்ததில்லை. கற்றுக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சிரிப்பை ஒரு பிள்ளை பார்த்திருக்கிறாள் என்றால், கதவுக்குப் பின்னால், அந்தப் பாயில், அவள் நாள்தோறும் சிரித்திருக்கிறாள். நக்கலா என்று கேட்காத ஒரே ஆளிடம். அந்த ஆளைத்தான் நான் அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். குசினியிலேயே இரு என்று சொன்ன மாமியார் காலை ஒரு மணி நேரத்துக்குத்தான் சொன்னார். நான் மொத்தமாகவே சொல்லிவிட்டேன், அதுவும் ஒரு கட்டுரையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு.

இப்படி எழுதும்போதே, என் மகள் வேறு பிள்ளைகளோடு பழகியது நல்லதுதானே என்று ஒரு மனம் சொல்கிறது. நல்லதுதான். இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளிடம் மத்தியானத்தை விட்டுவைத்திருக்கலாம். சனிக்கிழமையை விட்டுவைத்திருக்கலாம்.

போன தீபாவளிக்கு அவள் வந்திருந்தாள். நான் முறுக்கு பிழிய, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெயைப் பார்த்துக்கொண்டாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். எட்டு வயதாகி, பள்ளியில் இரண்டாம் ஆண்டில் படிக்கும் என் மகள் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் முகத்தை நிமிர்த்தாமலே சொன்னேன்.

"அன்னிக்கு ஒங்கிட்டேருந்து பாப்பாவ எடுத்தது நல்லதுக்குன்னு நெனச்சிட்டேன்மா. ஒன்னயக் கேக்கவே இல்ல. தப்பு பண்ணிட்டேன்."

அவள் சட்டியிலிருந்த முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "எண்ண காயுது அண்ணி" என்றாள். வெந்ததை எடுத்து வடியவிட்டபடி, "பழச எதுக்கு" என்றாள். பிறகு கை கழுவ எழுந்து குழாயடிக்குப் போனாள்.

நான் அவள் முதுகைப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன். சோப்பு போட்டுத் தேய்க்கும் கைகளைப் பார்த்தேன். எதையும் வாசிக்க முடியவில்லை. மகளை மெல்லக் கூப்பிட்டேன்.

"பாப்பா, அத்தையப் பாரு. கோவமா இருக்காங்களா, அழுவுறாங்களா?"

அவள் பென்சிலைக் கையில் வைத்தபடியே குழாயடிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நல்ல பிள்ளை, அம்மா கேட்டால் கவனமாகப் பார்ப்பாள். அத்தை திரும்பிய நேரத்தில் முகத்தைத்தான் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "அத்தை எப்பவும் அப்படித்தானே இருப்பாங்க."