தரையில் நின்றபடியே மாடியிலிருந்து விழுந்தேன்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் கேட்டிருந்தார்கள். பேச வந்த மாப்பிள்ளையின் அப்பாவை, எங்கள் ராஜபாளையம் பொருட்காட்சிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு கடையில், கண்ணுக்கு நேரே படம் காட்டும் ஹெல்மெட் போல ஒன்றைத் தலையில் மாட்டி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மாடி விளிம்பில் நிற்க வைத்தார்கள்.

"மில்லுக் கூரைமேல நடக்கிற ஃபிட்டரு நான். இது எம்புட்டு உசரம்!" என்று மாட்டிக்கொண்டேன்.

காலடியில் கிடுகிடு பள்ளம். தலையைத் திருப்பினால் மாடி கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. சரிகிறோம் என்றே உடம்பு நம்பிவிட்டது. கூரையில் வழுக்கினால் குப்புறப் படுத்துக் கிடைத்ததைப் பிடிப்பது மில் பழக்கம். படுத்தேன், பிடித்தேன்.

"அண்ணாச்சி, வேட்டிய விடுங்க! தரையிலதான் கெடக்கீக!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

சுற்றிலும் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். அவரோ வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அப்படி என்னதான் தெரியுது? குடுங்க" என்று மாட்டினார். செத்த நேரம்தான்.

"ஐயோ, விழுதேன்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தவர், கழற்றிய பிறகும் விடவில்லை.

"சம்பந்தி, இத வீட்டுல சொல்லிராதீக" என்றார். சம்பந்தி! அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது. இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை, பத்திரிகைக்குத்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் யாராவது கண்ணில் எதையாவது மாட்டச் சொன்னால், முதலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கண் எத்தனை மாடி ஏற்றினாலும், தரை எங்கே என்று பின்புறத்துக்குத் தெரியும்.