இரத்தம் விடாத குழாய்

ஐப்பசி மழை. தாமிரபரணி செம்மண் குழம்பாய் ஓடிற்று. பாபநாசம் மலையடிவாரத்துத் தாய்வீட்டிலிருந்து திரும்பிய என் மனைவிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கக் காய்ச்சல். டவுண் டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து புட்டியில் வந்த செத்த டைபாய்டுக் கிருமிகளை எடுத்தார்; அவள் இரத்தநீரை உப்புத்தண்ணீரில் கலக்கி அதில் விட்டார். சாயங்காலத்துக்குள் கிருமிகள் திரிதிரியாய்த் திரண்டு குழாயின் அடியில் இறங்கின.

"டைபாய்டு. மூணு வாரம் கஞ்சித்தண்ணி. மலேரியா இல்ல, கொய்னா மருந்து கூடாது," என்றார், பிரம்மாவுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவரைப் போல.

அந்த வாரம் அவரிடம் போனவர்களுக்கெல்லாம் டைபாய்டு. சுளுக்குக்குப் போனவனுக்கும் டைபாய்டு. மகானுக்குச் சந்தேகமே எழவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவன். கம்பவுண்டரிடம் போனேன்.

"அண்ணாச்சி, எந்தத் தண்ணியில உப்புக் கரைக்கீய?"

"காய்ச்சி வடிச்ச வாலைநீர் தீந்து எட்டு நாளாச்சு வே. ஆத்துத்தண்ணிதான். அப்படியேவா விடுவேன்? தேத்தாங்கொட்டைய உரசி, கண்ணாடி மாதிரி தெளிய வச்சுல்லா குடுக்கேன்!"

அந்தக் கொட்டைச் சாற்றின் ஒவ்வொரு துணுக்குக்கும் பல கைகள். தனித்தனியே எல்லாம் நோஞ்சான் பிடிகள். ஆனால் ஒரு கை நழுவும்போது மற்றவை விடுவதில்லை. நழுவியதும் மறுபடி வந்து பற்றும். இந்த மண்துகளை ஒரு கை, அந்த மண்துகளை ஒரு கை எனக் கோத்துக் கோத்துப் பாரமாக்கி அமிழ்த்திவிடும். நோயாளியின் இரத்தமும் கிருமியை இப்படிப் பல கை போட்டுத்தான் திரட்டுகிறது. தெளிந்த நீரில் மிஞ்சிய சாற்றுக்கு மண்ணென்ன, கிருமியென்ன?

"இரத்தமே விடாம ஒரு குழாய் வையுங்க," என்றேன் டாக்டரிடம்.

"வாத்தியாரே, எனக்கே பாடம் நடத்துதீரோ?"

"உப்புத்தண்ணிக்கும் டைபாய்டு வருதான்னு பாத்துருவோம்."

கம்பவுண்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வைத்தார்கள். அதுவும் திரண்டது. டாக்டர் குழாயை உலுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், இருமினார்.

"கிருமி பழசு," என்றார். சீட்டை மாற்றி எழுதவில்லை.

தபாலாபீசில் கொய்னாப் பொட்டலம் வாங்கினேன். அந்தச் சோதனை பொய் என்று தெருவில் வீடு வீடாகச் சொன்னேன். டாக்டருக்குத் தெரியாததா வாத்தியாருக்குத் தெரியும் என்று சிரித்துவிட்டுக் கஞ்சித்தண்ணீரையே வார்த்தார்கள். அறிவைவிடக் கோட்டுக்கு மதிப்புக் கொடுக்கும் ஊர்!

"டாக்டர் வேண்டாம்னாராம்லா?" என்றாள் மனைவி, பொடியைப் பார்த்து.

"காய்ச்சல் உனக்கா, அவருக்கா?"

கண்ணை மூடி விழுங்கினாள். மறுபடி காய்ச்சலின் முறைநாள் வந்தது. போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுப்பகல் போயிற்று, நடுக்கம் வரவில்லை. பொழுது சாயும்போது அவள் பைய எழுந்து உட்கார்ந்தாள்.

"பசிக்கி," என்றாள்.